கொய்யாவைக் கெடுத்தது யார்: பழ வௌவாலா, பழம் துளைக்கும் அந்துப்பூச்சியா?

எங்கள் வளவு மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம், கடல் காற்று அடிக்கிற மணல் நிலம். இரண்டு கொய்யா, ஒரு மாதுளை, ஒரு தோடை, வேலியோரம் ஒரு மாமரம். பழம் பழுக்கத் தொடங்கிவிட்டால் இரவில் இரண்டு பேர் தவறாமல் வருவார்கள். ஒருவர் வௌவால், மற்றவர் அந்துப்பூச்சி. ஊர்ச்சனம் விட்டில் என்று சொல்வது இதையும் சேர்த்துத்தான். விடிந்ததும் எல்லாப் பழியும் வௌவாலின் தலையில் விழும். பக்கத்து வளவுக்காரர், உறவுக்காரர், கல்முனையிலும் திருக்கோவிலிலும் இருக்கிற சிநேகிதர்கள் என்று பலரும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

காலையில் பார்த்தால் கொய்யாப்பழத்தில் ஓட்டை. வௌவாலா, பூச்சியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் பழத்தைக் கையில் எடுங்கள். மரத்தில் தொங்கும்போது தூரத்திலிருந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

வௌவால் வந்திருந்தால் பழத்தில் ஒரு பகுதியே இருக்காது. கடித்து எடுத்த பள்ளம் தெரியும், ஓரத்தில் பல் பட்ட கோடுகள் இருக்கும். சின்னப் பழமென்றால் மரத்தில் காம்பு மட்டும் மிஞ்சும், பழத்தைக் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் போயிருக்கும். அந்த மரத்தடியில் தேடுங்கள். வெற்றிலையைச் சப்பித் துப்பியதுபோல நார்நாராகச் சின்னச் சின்னச் சக்கைகள் கிடக்கும். சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்புவது பழ வௌவாலின் பழக்கம். மதிலில் எச்சம் தெறித்த கோடுகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பூச்சி வந்திருந்தால் பழம் முழுதாக இருக்கும். நல்ல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் குண்டூசியால் குத்தியதுபோல ஒரு துளை தெரியும். சில பழத்தில் ஐந்தாறு துளைகள் இருக்கும். துளையைச் சுற்றி ஒரு வட்டம் நிறம் மாறி மெத்தென்று ஆகியிருக்கும். பெருவிரலால் மெதுவாக அழுத்தினால் சாறு துளிர்த்து வரும். வெட்டிப் பார்த்தால் துளைக்குக் கீழே சதை சாறு வற்றி, பஞ்சுபோல, மண்ணிறமாக இருக்கும்.

இன்னொருவரையும் மறக்கக் கூடாது. வெட்டிய பழத்துக்குள் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. பழ ஈ பகலில் வந்து தோலுக்குள் முட்டையிட்டுவிட்டுப் போகும். இரவில் வந்த இரண்டு பேருக்கும் அதில் பங்கில்லை. பகலிலேயே கொறித்திருந்தால் அணிலையோ கிளியையோ கேளுங்கள்.

இவை இரண்டும் எந்த இனங்கள்?

நம் வளவுகளுக்கு அதிகமாக வருவது குறுமூக்குப் பழ வௌவால். அறிவியல் பெயர் சைனொப்டெரஸ் ஸ்பிங்ஸ். ஐம்பது கிராம் அளவில், கிட்டத்தட்ட ஒரு கோழிமுட்டையின் எடைதான் இருக்கும். சிறகை விரித்தால் 48 சென்ரிமீற்றர் அளவில், ஏறத்தாழ ஒரு முழம். பெரிய கண், நாய்க்குட்டி முகம், குழாய்போல வெளியே நீண்ட மூக்குத்துளைகள், காதின் ஓரத்தில் வெளிறிய கரை. வளர்ந்த ஆணின் கழுத்தில் செம்மஞ்சள் மயிர் காலர்போல இருக்கும்.

அந்துப்பூச்சியின் பெயர் யூடோசிமா ஃபலோனியா. உயிரினங்களுக்குப் பெயர் வைத்த சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1763இல் பெயரிட்டார். சிறகை விரித்தால் 8 முதல் 10 சென்ரிமீற்றர். மேல் சிறகு காய்ந்த இலையின் நிறம், நரம்புகூட இலையைப் போலவே ஓடும். அதை விலக்கினால்தான் பின் சிறகு தெரியும். நல்ல செம்மஞ்சள், கறுப்புக் கரை, நடுவில் வளைந்த ஒரு கறுப்புப் புள்ளி. உட்கார்ந்திருக்கும்போது இந்த நிறத்தை ஒளித்துவிடும். அதனால்தான் மரத்தில் இருந்தும் நம் கண்ணில் படுவதில்லை.

பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்பிங்ஸ் என்பது முதலில், 1758இல், ஓர் அந்துப்பூச்சிக் கூட்டத்துக்கு லின்னேயஸ் வைத்த பெயர். பிறகு இந்த வௌவாலுக்கும் அதே சொல் வந்து ஒட்டிக்கொண்டது.

வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு பூச்சியால் எப்படித் தோலைத் துளைக்க முடியும்? அவற்றின் வாய் மெல்லிய குழாய்தானே?

இந்தக் கேள்வி எனக்கும் நெடுநாள் இருந்தது. ஒரு மாரிகாலத்து இரவு, மழை விட்டிருந்த நேரம், எட்டரை மணி இருக்கும். டோர்ச்சை எடுத்துக்கொண்டு மாதுளையடிக்குப் போனேன். இலைகளுக்கிடையே இரண்டு சிவப்புப் புள்ளிகள், தணல் மாதிரி மின்னின. அவை பூச்சியின் கண்கள். கிட்டப் போனேன், பறக்கவில்லை. பழத்தின்மேல் கால்களை ஊன்றி, தலையைத் தாழ்த்தி, சுருண்டிருக்க வேண்டிய வாய்க்குழாயை நேராக நீட்டி, அதன் பாதிக்குமேல் பழத்துக்குள் இறக்கியிருந்தது. தலை மெல்ல ஆடிக்கொண்டே இருந்தது. தச்சன் துறப்பணம் பிடித்ததுபோல இருந்தது எனக்கு.

பெரும்பாலான அந்துப்பூச்சிகளின் வாய்க்குழாய் தேனை உறிஞ்ச மட்டும் போதுமான மென்மையானது. இந்த இனத்தின் குழாய் தடித்தது, இறுகியது. இரண்டரை சென்ரிமீற்றர் அளவு நீளம். நுனி கூராக இருக்கும், அதில் பின்னோக்கிய சின்ன முட்களும் பற்களும் உண்டு. முன்னும் பின்னும் அசைக்க அசைக்க முட்கள் தோலைக் கிழித்து வழி விடும். தோடம்பழத் தோலையே துளைக்கும் என்றால் கொய்யாத் தோல் எம்மாத்திரம்?

வௌவாலின் வழி வேறு. அதற்கு எங்களைப் போல வேட்டைப்பல்லும் கடைவாய்ப்பல்லும் இருக்கின்றன. கடித்து, நாக்கால் மேலண்ணத்தில் அழுத்திப் பிழிந்து, சாற்றைக் குடிக்கும். ஆக இரண்டுக்கும் வேண்டியது சாறுதான். வௌவால் சாற்றுக்காகப் பழத்தை எடுக்கிறது, பூச்சி பழத்தை அப்படியே விட்டுவிட்டுச் சாற்றை எடுக்கிறது.

ஊசி முனை அளவு துளைக்கு ஏன் முழுப் பழமும் அழுகுகிறது?

பூச்சி குடித்த சாறு கொஞ்சம்தான். கெடுதி அதற்குப் பிறகு நடக்கிறது. தோல் இருக்கும்வரை பூஞ்சணமும் பக்டீரியாவும் உள்ளே போக முடியாது. துளை விழுந்தால் கதவு திறந்த மாதிரி. இரண்டு மூன்று நாளில் துளையைச் சுற்றி அழுகல் பரவும், பழம் பழுக்காமலே உதிரும். அந்தத் துளை வழியாக, தாமாகத் துளைக்க முடியாத வேறு பூச்சிகளும் வந்து குடிக்கும். வௌவால் கடித்த பழம் அன்றே போய்விடும். பூச்சி துளைத்த பழமோ பறிக்கும்போது நன்றாகவே தெரியும், கூடையில் அடுக்கியபின் அழுகும். சந்தைக்குக் கொண்டுபோகிறவருக்கு இதுதான் பெரிய தலையிடி.

அப்படியானால் இரண்டில் எது அதிகம் நட்டம் தரும்?

என் வளவைப் பொறுத்தவரை பூச்சிதான். வௌவால் நன்றாகப் பழுத்த பழத்தை மணத்தால் தேடி வரும். நாம் ஒருநாள் முந்திப் பறித்தால் அதற்குக் கிடைக்காது. பூச்சியும் பழுத்ததைத்தான் விரும்பும், ஆனால் நிறம் மாறத் தொடங்கிய காயையும் விடாது. ஒரே இரவில் பல பழங்களில் குத்திப் பார்க்கும். மாமரத்தில் மட்டும் கணக்கு மாறும். அங்கே வௌவால்தான் முன்னுக்கு நிற்கும்.

வௌவால் அந்துப்பூச்சியைப் பிடித்துத் தின்னும் என்கிறார்களே. வௌவாலை விட்டுவைத்தால் பூச்சி குறையாதா?

எல்லா வௌவாலும் ஒன்றில்லை. இலங்கையில் ஏறத்தாழ முப்பது வௌவால் இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பழந்தின்னிகள் மிகச் சில. குறுமூக்குப் பழ வௌவாலுக்குப் பழமும் பூவும் இலையும்தான் சாப்பாடு, பூச்சி பிடிக்காது. இருட்டில் வழி கண்டுபிடிக்கப் பெரிய கண்ணையும் மூக்கையும் நம்பியிருக்கிறது. ஆகவே பழ வௌவாலும் பழம் துளைக்கும் பூச்சியும் ஒரே மரத்தில், ஒரே இரவில், ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் சாப்பிடலாம்.

ஓட்டு இடுக்கிலும் கோயில் கூரையிலும் இருக்கிற பெருவிரல் அளவு வௌவால்கள்தான் பூச்சி பிடிப்பவை. அந்திப்பொழுதில் தெருவிளக்கைச் சுற்றிச் சட்சட்டென்று திரும்பித் திரும்பிப் பறப்பவை அவைதான். மனிதக் காதுக்கு எட்டாத உயர் ஒலியை எழுப்பி, எதிரொலியைக் கேட்டு இரையைப் பிடிக்கின்றன. அந்துப்பூச்சியும் சும்மா இருப்பதில்லை. இந்தப் பூச்சி சேர்ந்த கூட்டத்துக்கு மார்பின் பின்பக்கத்தில் இரண்டு காதுகள் உண்டு. ஒவ்வொரு காதிலும் கேட்பதற்கென்று இருப்பவை இரண்டே இரண்டு உணர்கலங்கள்! வௌவாலின் ஒலி மெல்லிதாகக் கேட்டால் பூச்சி எதிர்ப்பக்கம் திரும்பிப் பறக்கும். மிகக் கிட்டத்தில் கேட்டால் சுழன்றோ சிறகை மடக்கியோ கீழே விழும். 1950களிலும் 60களிலும் கென்னத் ரோடர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை இரவில் தோட்டத்தில் நின்றே கவனித்து எழுதினார். இரண்டு கலத்தால் உயிர் பிழைக்கிற ஒரு பிராணியை, அது என் மாதுளையைக் கெடுத்தாலும், என்னால் மதிக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பூச்சி எங்கிருந்து வருகிறது? மரத்தில் புழுவே காணவில்லையே?

சரியான கவனிப்பு. பழமரத்தில் இதன் புழு இருக்காது. புழுவுக்குப் பிடித்தது சீந்தில் கொடியும் அதன் உறவுக் கொடிகளும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் பற்றைக்காட்டிலும் வயலோர வேலியிலும் சீந்தில் தாராளமாகப் படர்ந்திருக்கிறது. கிழக்கே எங்கள் எழுவான்கரையிலும் மருந்துக்கென்று வேலியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். மழை பெய்து கொடி தளிர்த்தால் புழு பெருகும். அதனால்தான் காட்டோரத் தோட்டங்களில் தொல்லை கூடுதலாக இருக்கிறது.

சீந்தில் இலையைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு அல்லது கருமண்ணிறத்தில், வெல்வெட் துணி மாதிரி ஒரு புழு. உடலின் பக்கத்தில் கண்போல இரண்டு வட்டப் பொட்டுகள். தொட்டால் தலையை உள்ளே மடக்கி, வாலை உயர்த்திப் பாம்பு மாதிரி பயம் காட்டும். கடிக்காது, நஞ்சும் இல்லை. முட்டையிலிருந்து பூச்சியாக ஐந்து கிழமை அளவு போதும்.

இதைச் சொன்னதும் ஒரு தம்பி வேலிச் சீந்திலை அடியோடு வெட்டப் புறப்பட்டார். வேண்டாம். அது நல்ல மூலிகை. உங்கள் வேலியில் வெட்டினாலும் காட்டில் இருக்கிறது, பூச்சி பறந்துவரும். கிழமைக்கு ஒருமுறை புழுவைப் பொறுக்குவது போதும்.

வௌவால் பகலில் எங்கே தங்குகிறது?

நூற்றுக்கணக்கில் பெரிய மரத்தில் தொங்குகிறதே, அது வேறு இனம். சிறகு ஒரு மீற்றருக்கு மேல் விரியும் பெரிய பழந்தின்னி. நம் குறுமூக்கு வௌவால் சில உருப்படிகளாகத்தான் இருக்கும். பனையோலையின் அடியில், கித்துள் பூக்குலைக்குள், நெட்டிலிங்க மரத்தில், வீட்டுச் சுவரில் அடர்ந்த கொடியில். ஆண் வௌவால் இலை நரம்பையும் தண்டையும் நாட்கணக்காகக் கடித்துக் கடித்து மடக்கிக் கூடாரம் கட்டும். கட்டிய கூடாரத்துக்குப் பெண்கள் வந்து சேரும். காய்ந்த ஓலையை முழுக்கக் கழித்து மொட்டையாக்கிய பனையில் அதற்கு இடமில்லை.

வீட்டுக்குள் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு பூச்சி வந்து சுவரில் இருந்தது. அதுதான் பழம் துளைப்பதா?

இல்லை. அது அட்லஸ் அந்துப்பூச்சி. நம் நாட்டு இனத்தின் பெயர் அட்டாகஸ் தப்ரோபானிஸ், தப்ரபேன் என்ற இலங்கையின் பழைய பெயரையே சுமந்திருக்கிறது. வளர்ந்த பூச்சிக்குச் சாப்பிடும் வாயே இல்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில் ஒன்றிரண்டு கிழமை வாழ்ந்து, முட்டையிட்டு முடிந்துவிடும். தும்புத்தடியால் அடிக்காதீர்கள். விளக்கை அணைத்தால் தானே போய்விடும்.

பழத்தைத் தின்கிற வௌவாலால் நமக்கு என்ன பயன்?

கோயில் வளவு இலுப்பை மரத்தைப் பாருங்கள். பூக்கும் காலத்தில் இரவெல்லாம் வௌவால் சத்தம் கேட்கும். சதைப்பற்றான பூவைத் தின்ன வரும்போது மகரந்தம் முகத்தில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகிறது. இலவ மரத்துக்கும் இதே உபகாரம் கிடைக்கிறது. ஆல், அத்தி, கொய்யா போன்ற சின்ன விதைகளை விழுங்கி, அரை மணித்தியாலத்துக்குள் வேறோர் இடத்தில் போட்டுவிடும். நாவல் மாதிரிப் பெரிய கொட்டையைக் கவ்விக்கொண்டுபோய் வேறு மரத்தடியில் கைவிடும். யாரும் நடாத கொய்யாக்கன்று கிணற்றடியில் முளைத்ததற்கு வேறென்ன காரணம்? மரமுந்திரிகைக் காலத்தில் வௌவால் பழத்தைச் சப்பிவிட்டு விட்ட கொட்டைகளைச் சின்ன வயதில் மரத்தடியில் பொறுக்கிச் சுட்டுத் தின்றிருக்கிறோம்.

இன்னொன்று. இந்த வௌவால் ஒரு ஈற்றில் ஒரு குட்டிதான் போடும், ஆண்டுக்கு இருமுறை. பூச்சியோ நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பத்துப் பூச்சியைக் கொன்றால் ஒன்றும் குறையாது. பத்து வௌவாலைக் கொன்றால் அந்த ஒழுங்கையில் வௌவாலே இல்லாமல் போகலாம்.

மருந்தடித்தால் என்ன? விளக்குப் பொறி வைக்கலாமா?

இரண்டும் பெரிதாக உதவாது. பூச்சி இரவில் வந்து சாற்றைக் குடித்துவிட்டுப் போய்விடும், புழு வேறு இடத்தில் வளர்கிறது. பறிக்கப் போகிற பழத்தில் நஞ்சு தெளித்து நாம் தின்பதுதான் மிச்சம். விளக்குக்கும் இந்த இனம் மற்ற விட்டில் மாதிரி ஓடி வராது.

பிறகு என்னதான் செய்வது?

பழத்துக்கு உறை போடுங்கள். காய் எலுமிச்சை அளவைத் தாண்டியதும் பழைய பேப்பரில் பை செய்து மூடிக் காம்பில் கட்டினால் பூச்சி, வௌவால், பழ ஈ மூன்றுக்கும் அதுவே பதில். மாரியில் பேப்பர் நனைந்து கிழியும். அப்போது மேலே துளையிட்ட பொலித்தீன் ஒன்று வேண்டும். சிலர் பழைய நுளம்பு வலைத் துணியைச் சுற்றுகிறார்கள். வௌவாலுக்கு அது சரி, பூச்சிக்குச் சரியில்லை. துணி பழத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் பூச்சி துணியின் கண்ணூடாகவே குழாயை இறக்கும். நான் அப்படி நாலு மாதுளை இழந்துதான் கற்றுக்கொண்டேன்.

மரம் உயரமென்றால் எல்லாவற்றையும் மூட முடியாது. கைக்கு எட்டுவது நமக்கு, உச்சிக் கொப்பு வௌவாலுக்கு என்று விட்டுவிடுகிறேன்.

ஒன்றிரண்டு மரம் மட்டும் இருக்கிறவர்களுக்குக் பூச்சியைக் கையால் பிடிப்பதுதான் மேல். இரவு எட்டு மணியிலிருந்து பதினொரு மணிக்குள் டோர்ச்சுடன் ஒரு சுற்றுப் போங்கள். சிவப்புக் கண் தெரியும் இடத்தில் மெதுவாகப் போத்தலைக் கவிழ்த்துப் பிடிக்கலாம், குடித்துக்கொண்டிருக்கும்போது அசையாது. விழுந்த பழங்களை அன்றாடம் பொறுக்கிப் புதையுங்கள், அந்த மணம்தான் மற்றதுகளை இழுக்கிறது. பொழுதுபட்ட பின் பொச்சுமட்டையும் பச்சை வேப்பிலையும் போட்டுப் புகைத்தால் புகை இருக்கும்வரை பூச்சி குறைவாகத்தான் வரும்.

வௌவால் கடித்த பழத்தின் மிச்சத்தைச் சாப்பிடலாமா?

கூடாது. வெட்டிவிட்டுச் சாப்பிடுவதும் கூடாது. ‘வௌவால் கடித்தது இனிக்கும்’ என்று சின்ன வயதில் நாங்களும் தின்றோம், இப்போது பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. பெரிய பழந்தின்னி வௌவாலின் எச்சிலிலும் சிறுநீரிலும் நிப்பா வைரசு இருக்கக்கூடும். 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் அந்த நோய் வந்து உயிர்கள் போயின. பயந்து வௌவாலைத் துரத்த வேண்டியதில்லை. கடிபட்ட பழத்தைப் புதையுங்கள், நல்ல பழத்தையும் கழுவிவிட்டு உண்ணுங்கள், கிணற்றை மூடி வையுங்கள். அதுவே போதும். பூச்சி துளைத்த பழத்தில் அப்படியான நோய்ப் பயம் இல்லை. அழுகத் தொடங்காவிட்டால் கெட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை யூஸ் அடிக்கலாம்.

பழைய தங்கூசி வலை, மீன் பிடிக்கிற மெல்லிய நைலோன் வலை, வீட்டில் கிடக்கிறது. மரத்தின்மேல் போட்டால் வௌவால் வராதுதானே?

தயவுசெய்து போடாதீர்கள். நம் கரையோரத்தில் எல்லா வீட்டிலும் கிடக்கிற பொருள், காசு செலவில்லை, அதனால்தான் எல்லோருக்கும் இந்த எண்ணம் வருகிறது. எனக்கும் வந்தது. மாமரத்தின் தாழ்ந்த கொப்பில் ஒரு துண்டைப் போட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தபோது ஒரு வௌவால் சிக்கியிருந்தது. விடுபட முயன்று முயன்று நூல் சிறகுச் சவ்வை அறுத்திருந்தது. தாய் வௌவால். நெஞ்சில் ஒரு குட்டி, கண் திறந்தபடி, முலையைக் கவ்விக்கொண்டிருந்தது. தாய் செத்திருந்தது. குட்டி மத்தியானம்வரைதான் இருந்தது. அன்றே வலையை இறக்கி எரித்துவிட்டேன்.

வலை கட்டத்தான் வேண்டுமென்றால் தடித்த வெள்ளை நூல் வலை, சின்ன விரல் நுழையாத கண், மரத்தில் தொடாமல் கம்பு நட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். தொய்ந்து தொங்குகிற வலைதான் சிக்க வைக்கும்.

எங்கேனும் உயிரோடு சிக்கியிருப்பதைக் கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். தடித்த கையுறை அல்லது மடித்த துவாயால் உடலை மூடிப் பிடியுங்கள், தலை மூடியிருந்தால் அமைதியாகும். வௌவாலை இழுக்காதீர்கள், சின்னக் கத்தரிக்கோலால் நூலை வெட்டுங்கள். முதலில் கழுத்து, பிறகு சிறகு. கடித்துவிட்டாலோ நகம் கீறினாலோ ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆசுபத்திரிக்குப் போங்கள். எடுத்த வௌவாலைத் தரையில் விடாதீர்கள், அதனால் தரையிலிருந்து இலகுவாக எழும்ப முடியாது. பூனை எட்டாத ஒரு கொப்பில் கால் நகம் பற்றும்படி தொங்கவிட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். நன்றாக இருந்தால் பொழுதுபட்டதும் தானே போய்விடும்.